உழைக்கப் போன தீவுக்கு உல்லாசப் பயணம்!

எப்போதும்வென்றான்! ஊரின் பெயரே ஒரு முழக்கம். பெயர் சூட்டியவன் எந்தப் போரை எண்ணிச் சூட்டினானோ, அந்த ஊர்ச் சம்சாரி ஆண்டுதோறும் நடத்துகிற போரை நாம் அறிவோம். புரட்டாசியில் வானம் பார்த்து விதைப்பான். ஐப்பசி ஏமாற்றினால் மறு விதைப்பு. கார்த்திகை கொட்டித் தீர்த்தால் உளுந்து அழுகும். தப்பிப் பிழைத்ததைத் தையில் அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்தால், விலை என்னும் பகைவன் வாசலில் நிற்பான்! இத்தனைக்கும் ஈடுகொடுத்து நிற்பவன் கரிசல்காட்டு உழவன்.

அந்தக் கரிசல் சீமையிலிருந்துதான் இப்போது புதியதொரு பேச்சுக் கேட்கிறது. எட்டயபுரத்துத் தேநீர்க் கடையில், கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில், ஓட்டப்பிடாரத்துச் சலூனில், இளைஞர்கள் கூடினால் இலங்கைப் பயணம் பற்றிப் பேசுகிறார்கள். நான்கு பகல், மூன்று இரவு! கடலிலே குளியல், இரவிலே கேளிக்கை, மலையிலே ஏற்றம், ஆற்றிலே படகு! கைப்பேசியைத் திறந்தால் விளம்பரம். பணம் இல்லையா, கவலை வேண்டாம், தவணையில் கட்டலாம் என்று அதன் அடியிலேயே அழைப்பு!

கேட்டதும் பெரியவர்கள் சிலருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “ஏம்ப்பா, காட்டுல களையெடுக்க ஆளைக் காணோம், நீ கடல்ல குதிக்கப் போறியாக்கும்?” என்கிறார் ஒரு பெரியப்பா. “கடன்காரன் வாசல்ல நிக்கான், கப்பலாம், தீவாம்!” என்கிறார் இன்னொரு மாமா.

பெரியவர்களின் கவலையை நாம் மதிக்கிறோம். ஏளனத்தை ஏற்பதற்கில்லை. உழைப்பவன் ஓய்ந்து உட்கார்ந்தால் ஊரெல்லாம் கண். உடையவன் ஆண்டுக்கு இருமுறை மலைவாசத்தலம் போனால் அது “உடல்நலம் கருதி”! இது என்ன நீதி? சம்சாரி மகனுக்கும், தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி மகனுக்கும் கடல் பார்க்க ஆசை வரக்கூடாதா? அலையில் நனைந்தால் அவன் குலம் கெட்டுவிடுமா?

உலகம் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை சொல்லிவிட்டது. 1936இல் பிரெஞ்சு நாட்டில் தொழிலாளர் பெருமளவில் வேலைநிறுத்தம் செய்தனர். ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து போராடினர். அதன் பயனாக வந்த சட்டம், கூலியோடு கூடிய இரண்டு வார விடுமுறையை அவர்களுக்குத் தந்தது. அதோடு நின்றார்களா? விடுமுறை கிடைத்தும் போக வழியில்லாவிட்டால் என்ன பயன் என்று எண்ணி, ஓய்வுநேரத் துறையைக் கவனித்த லியோ லக்ராஞ்சு, தொழிலாளருக்கு இரயில் கட்டணத்திலே சலுகை வாங்கித் தந்தார். பாரிசு நகரத்துத் தொழிற்சாலைகளில் முதுமை எய்தியவர்கள் பலர், முதன்முதலாகக் கடலைக் கண்டது அந்த ஆண்டில்தான்! 1938இல் பிரிட்டனும் கூலியோடு கூடிய விடுமுறைக்குச் சட்டம் செய்தது.

நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 2025வரை இருந்தது. ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்தவனுக்கு, உழைத்த 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் கூலியோடு விடுப்பு என்றது அது. ஆனால், கம்பங்கதிர் அறுக்கிற பெண்ணுக்கு எந்தத் தொழிற்சாலை? எண்ணிக்கைக் கூலிக்குத் தீப்பெட்டி அடுக்குகிறவளுக்கு எந்த 240 நாள்? கை ஓய்ந்தால் கூலி ஓய்ந்தது! ஆகவே, தன் காசைச் சேர்த்து, நான்கு நாள் வேலையை இழந்து, ஒருவன் கடல் பார்க்கப் புறப்படுகிறான் என்றால், சட்டம் தராததைத் தானே எடுத்துக்கொள்கிறான் என்றுதான் பொருள். போகட்டும்! நன்றாகப் போய்வரட்டும்!

ஆனால், போகிற இடம் எது என்பதை மட்டும் அவன் அறிந்து போகவேண்டும். அந்த விளம்பரத் தாளில் நீலக்கடல் இருக்கிறது, தென்னை இருக்கிறது, தேயிலைச் சரிவு இருக்கிறது. அந்தச் சரிவிலே கூடையைத் தலையிலிருந்து தொங்கவிட்டபடி ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். யார் அவள்? அவள் பேசுகிற மொழி எது? அவளுடைய பூட்டனும் பூட்டியும் எந்த ஊர்? விளம்பரம் சொல்லாது. நாம்தான் சொல்லவேண்டும்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், 1820களில், ஆங்கிலேயர் இலங்கையின் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டம் போடத் தொடங்கினார்கள். காடழிக்க ஆள் வேண்டும், கன்று நட ஆள் வேண்டும், காய் பறிக்க ஆள் வேண்டும். எங்கே கிடைப்பார்கள்? மழை பொய்த்த சீமையில்! திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் எனத் தமிழகத்துப் பஞ்சப் பூமி எங்கும் கங்காணி வலை வீசினான். மன்னாரில் இறங்கி, மாத்தளைவரை காட்டு வழியே நடை. காய்ச்சலும் கழிச்சலும் கண்ட இடத்தில் சாய்ந்தவர்கள் எத்தனை பேர்! 1869இல் காப்பியை நோய் தாக்கியது; இருபது ஆண்டுக்குள் அந்தப் பயிரே அழிந்தது. ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் வைத்துப் பார்த்திருந்த தேயிலை, காப்பியின் இடத்தைப் பிடித்தது. பயிர்தான் மாறிற்று, பறிக்கிற கை மாறவில்லை. காப்பிக்காவது பருவத்துக்குப் போய்ப் பருவம் முடிந்ததும் திரும்பலாம்; தேயிலையோ ஆண்டெல்லாம் கொழுந்து விடுகிற செடி! போனவர்கள் அங்கேயே தங்க நேர்ந்தது.

நம் வட்டாரத்துக்கு இதிலே நெருங்கிய தொடர்பு உண்டு. கொழும்புக் கப்பலுக்குப் போகும் தொழிலாளரை நிறுத்திவைத்துச் சோதிப்பதற்கான முகாம், தூத்துக்குடிக்குப் பக்கத்திலே தட்டப்பாறையில் இருந்தது. ஆம், எப்போதும்வென்றானுக்குத் தெற்கே, இன்று இரயில் பாதையோரம் அமைதியாகக் கிடக்கிற அதே தட்டப்பாறைதான்! மண்டபம் முகாம் பெயர் பெற்றது அதற்குப் பிறகே. அம்மை இருக்கிறதா, வாந்திபேதி இருக்கிறதா என்று பார்த்து, நல்ல சரக்கு என்று முடிவு கட்டியபின் கப்பலேற்றுவார்கள்.

கடனிலே தொடங்கும் அந்தப் பயணம். வழிச்செலவு, சோற்றுச் செலவு, துணிச் செலவு அத்தனையும் தொழிலாளியின் தலையில் எழுதப்படும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், பழைய கடன் இவ்வளவு, இதைக் கட்டுகிற துரை இவனை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டுத் தருவார்கள். அதற்குத் “துண்டு” என்று பெயர். ஒரு முழத் தாளில் ஒரு மனிதனின் விலை! 1921இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இப்போது மறுபடியும் அந்தக் கைப்பேசி விளம்பரத்தைப் பாருங்கள். “இன்று பயணம், நாளை பணம்.” வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பூட்டன் கடன்பட்டு அந்தத் தீவுக்குப் போனான், பிழைப்பதற்காக. பேரன் பேத்திகள் கடன்பட்டுப் போகத் தேவையில்லை. ஆறு மாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்துப் போங்கள். பெரியப்பாவின் கவலையில் நியாயம் உள்ள பகுதி இது ஒன்றுதான்.

1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், அந்த மலைகளைத் தங்கம் விளையும் பூமியாக்கிய மக்களை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். ஒன்பதே முக்கால் இலட்சம் பேரில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் கதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று! அந்த மிச்சத்தையும் 1974இல் இந்திரா அம்மையார் காலத்து உடன்படிக்கை ஆளுக்கு 75,000 எனப் பாதி பாதியாகப் பிரித்தது. ஆட்டு மந்தையைப் பங்கு போட்டாலும் ஆட்டைத் தடவிப் பார்த்துத்தான் பிரிப்பான் ஆயன். இவர்களை யார் கேட்டார்கள்? அண்ணன் அங்கே, தம்பி இங்கே. தாய் அங்கே, மகள் இங்கே! தலைமன்னாரிலிருந்து “இராமானுஜம்” கப்பல் அவர்களை இராமேசுவரத்தில் கொண்டுவந்து கொட்டியது. மண்டபத்து முகாம் மறுபடியும் நிறைந்தது, இம்முறை எதிர்த்திசையில். அங்கே தங்கியவர்கள் எஞ்சிய எல்லாருக்கும் குடியுரிமை தருகிற சட்டத்தை 2003இல்தான் கண்டார்கள். 2023இல், மலையகத்துக்கு வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைந்து, முன்னோர் நடந்த வழியிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்து சென்றார்கள் அந்த மக்கள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறோம்? இன்பமாகப் போகிறவன் முகத்தில் கண்ணீரைத் தெளிப்பதற்கா? அல்ல. உறவுக்காரன் வீட்டுக்குப் போகிறவன், உறவு முறை தெரிந்து போவதற்கு.

இனிக் கடலுக்கு வருவோம். ஏனெனில் இளைஞர்கள் இதற்காகத்தானே காத்திருக்கிறார்கள்!

இலங்கையில் கடற்கரைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்தத் திங்களில் எந்தக் கரை என்று தெரியாமல் போனால் ஏமாற்றம்தான். மேற்கிலும் தெற்கிலும் நீர்கொழும்பு, இக்கடுவ, உனவட்டுன, மிரிச என்று புகழ்பெற்ற கரைகள். மார்கழி முதல் பங்குனிவரை அங்கே கடல் சாது. கிழக்கே திருகோணமலையின் நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பை ஆகியவற்றுக்கு வைகாசி முதல் ஆவணிவரை நல்ல காலம். காரணம் நமக்குப் புரியாததல்ல. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மலையாளத்தை நனைத்துவிட்டு, நமக்கு வெறுங்காற்றையும் புழுதியையும் அனுப்புகிறதல்லவா? அதே காற்று இலங்கையின் மேற்குக் கரையையும் மலைச்சரிவையும் நனைத்துவிட்டுக் கிழக்குக் கரைக்கு வெறுங்கையோடு போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கரிசலுக்கு வருகிற வடகிழக்குப் பருவமழைதான் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும். எப்போதும்வென்றானும் நிலாவெளியும் ஒரே மழைக்குக் காத்திருக்கிற ஊர்கள்! ஆகவே, கம்பும் உளுந்தும் அறுத்து முடித்துக் கையில் நாலு காசு புரளுகிற மாசி, பங்குனியில் போகிறவன் தெற்குக் கரைக்குப் போகலாம். காடு காய்ந்து கிடக்கும் ஆனியில் போகிறவன் கிழக்கே போகலாம். மிரிசக் கடலில் திமிங்கலம் பார்க்கப் படகு போகிறது. அறுகம்பையில் பலகைமீது நின்று அலையேறும் விளையாட்டு.

இங்கே ஒரு சொல் அழுத்திச் சொல்லவேண்டும். கரிசல்காட்டுப் பிள்ளைகள் கிணற்றிலே நீந்தப் பழகியவர்கள். மோட்டார் அறைமேலிருந்து குட்டிக்கரணம் போட்டு விழுகிற சூரர்கள். அந்தத் தைரியம்தான் கடலில் எமன்! கிணற்று நீர் நிற்கிற நீர். கடல் நீர் இழுக்கிற நீர். கரையில் மோதிய அலை திரும்பும்போது, ஓரிடத்தில் வாய்க்கால்போல் ஒடுங்கி உள்ளே பாயும். அலை குறைந்து அமைதியாகத் தெரிகிற அந்த இடந்தான் ஆபத்து; அமைதியைக் கண்டு அங்கேயே இறங்குவார்கள் தெரியாதவர்கள். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக்கூடாது. எவ்வளவு வலுவுள்ளவனும் களைத்துப்போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தைவிட்டு விலகியபின் கரைக்குத் திரும்பவேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. குடித்துவிட்டு இறங்குவது பற்றிச் சொல்லவேண்டியதில்லை. நான்கு பேர் போய் மூன்று பேர் திரும்பிய செய்திகளை நம் ஏடுகள் ஆண்டுதோறும் அச்சிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

இரவுக் கேளிக்கை! அதைப் பற்றி முகம் சுளித்து ஒதுங்குவது நம் நோக்கமல்ல. இக்கடுவக் கரையில் மணல்மேல் விளக்கெரிய இசை ஒலிக்கும், ஆடுகிறவர்கள் ஆடட்டும். ஆனால் கொழும்பில் இன்னொன்று இருக்கிறது: சூதாட்ட மாளிகை. 2025இல் மாபெரும் விடுதியோடு கூடிய புதிய மாளிகை ஒன்றும் திறந்தாயிற்று. அங்கே ஒரு வேடிக்கை கேளுங்கள். இலங்கைக் குடிமகன் உள்ளே நுழையவேண்டுமானால் டாலர் கணக்கில் தனி வரி கட்டவேண்டும். அயல்நாட்டானுக்கோ வாசல் திறந்தே கிடக்கிறது. தன் மக்கள் தோற்கக்கூடாது என்று தடுப்பு வைத்திருக்கிறது அரசு. தோற்பதற்கென்று அழைக்கப்படுகிறவர்கள் யார்? நாம்தான்! உளுந்து மூட்டையைக் கரகரக்கும் சக்கரத்தின்மேல் வைப்பதற்கு ஒப்பான காரியம் அது.

முழுமதி நாளில் போகிறவர்கள் இன்னொன்றையும் அறியவேண்டும். ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே “போயா” விடுமுறை. மது விற்பனை கிடையாது. அது புத்த நெறியினர் பெரும்பான்மையாக வாழும் நாடு. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வதைக் குற்றமாகவே கருதுவார்கள். 2014இல் கையிலே புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த ஆங்கிலப் பெண் ஒருவரைப் பிடித்து நாடுகடத்தினர். அது தவறு என்று 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே இழப்பீடு வழங்கியது என்றாலும், வழக்காட எல்லாராலும் முடியுமா?

மலைப்பக்கம் போகாமல் திரும்புகிறவன் இலங்கையைப் பார்த்தவன் ஆகமாட்டான். 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாதமலைக்கு மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமிவரை இரவிலே ஏறி, உச்சியிலே விடியல் காண்பார்கள். பௌத்தர் புத்தரின் அடி என்பர், சைவர் சிவனின் அடி என்பர், முஸ்லிம்களும் கிறித்தவர்களும் ஆதாமின் அடி என்பர். அடி ஒன்றுதான், சண்டையில்லாமல் ஏறுகிறார்கள்! கித்துல்கலவில் களனி ஆற்றின் பாறை நீரில் காற்றடைத்த படகில் பாய்ந்து செல்லலாம். குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய 1957ஆம் ஆண்டின் புகழ்பெற்ற திரைப்படத்தை எடுத்தது அந்த ஆற்றங்கரையில்தான். கண்டியிலிருந்து எல்ல வழியாகப் பதுளை போகும் இரயில் பாதையை உலகமே படம் பிடிக்கிறது; 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலம் அந்தப் பாதையில் உள்ளது. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த “டிட்வா” புயல் அந்த மலைநாட்டைத்தான் சிதைத்தது. நிலச்சரிவும் வெள்ளமும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. மலை இரயில் பாதையும் பல இடங்களில் அறுபட்டது. எந்தப் பகுதியில் வண்டி ஓடுகிறது என்று கேட்டறிந்து புறப்படுவது நல்லது.

அந்த இரயிலின் சன்னலோரத்தில்தான் அவர்கள் இருக்கிறார்கள். பாதையோரம் நீளமாக, ஒரே கூரையின்கீழ் அடுக்கடுக்காகக் கதவுகள் தெரியும். அதற்கு “லயம்” என்று பெயர். பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி அறை. அதிலே ஒரு குடும்பம். வெள்ளையன் கட்டியது, வெள்ளையன் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் பல இடங்களில் கூரைத் தகரம்தான் மாறியிருக்கிறது. நாள் கூலி ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல் பெற்றார்கள். 2024இல் அது 1,350 ரூபாய் ஆயிற்று. மலைத்துவிடாதீர்கள், அது இலங்கை ரூபாய். நம் கணக்கில் நானூறுக்கும் குறைவு! 2026 முதல் அரசின் உதவித்தொகை 200 ரூபாயையும் சேர்த்து 1,750 கிடைக்கும் என்று அங்குள்ள அரசு 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. நம் காசில் ஐந்நூறு சொச்சம். அதற்கும் பல தோட்டங்களில் பதினெட்டுக் கிலோ கொழுந்து நிறுக்கவேண்டும். அட்டை கடிக்கும், மழை அடிக்கும், குளவி கொட்டும்.

2024இல் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் இருபது இலட்சத்துக்கும் மேல். அவர்களில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர், அதாவது ஐந்தில் ஒருவர், இந்தியர்! பயணிகளால் அந்நாடு ஈட்டியது முந்நூறு கோடி டாலருக்கும் மேல். 2019இல் ஈஸ்டர் நாளன்று நடந்த குண்டுவெடிப்புக் கொடுமை, பிறகு கொள்ளைநோய், 2022இல் அடுப்பெரிக்க எரிவாயுவும் வண்டிக்கு எண்ணெயும் இல்லாத நெருக்கடி என்று அடிமேல் அடி வாங்கிய நாடு எழுந்து நிற்க இந்தப் பணம் துணை செய்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பணத்தில் லயத்து வாசலுக்கு எவ்வளவு போகிறது? பயணிகளை அழைத்துக்கொண்டுவரும் படமோ கூடை சுமக்கும் அந்தப் பெண்ணின் படம்! பெருவிடுதிகளுக்கு அவள் காட்சிப் பொருள். போகிற நாமும் அவளைக் காட்சிப் பொருளாக்கலாமா? வண்டியை நிறுத்தி, “கொஞ்சம் சிரி, கூடையைத் தூக்கு” என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு, வண்டிச் சன்னல் வழியே பிள்ளைகளுக்கு மிட்டாய் எறிந்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பண்டம். அதைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டுபோய், “அக்கா, நல்லாயிருக்கீங்களா, நாங்க திருநெல்வேலிப் பக்கம்” என்று சொல்லிக் கையில் கொடுங்கள். அவர்கள் வைக்கிற தேநீரைக் குடியுங்கள். தோட்டத்துக்காரர் சிறிதாய் நடத்தும் தங்கும் வீடு கிடைத்தால் ஓரிரவாவது அங்கே தங்குங்கள். உங்கள் காசு நேரே அந்த வீட்டு அடுப்புக்குப் போகும்.

பயணப் பட்டியலில் பெண்கள் எங்கே என்றும் கேட்டுவைப்போம். பருத்தி எடுத்தது அவள், மிளகாய் பறித்துக் காயப்போட்டது அவள், தீப்பெட்டி அடுக்கியது அவள். கடலுக்குப் போவது மட்டும் அவனா? தங்கையையும் மனைவியையும் அழைத்துப் போனால் என்ன குறைந்துவிடும்? கேளிக்கையிலே சில குறையலாம்; குறையட்டுமே!

“நம் கரைக்கு எதிரிலேயே தீவுகள் இருக்கையில் இலங்கை எதற்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. 1986இல் அவை கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை நாமே வெட்டி எடுத்ததன் பயனாக அவற்றில் இரண்டு மூழ்கியே போயின. வான்தீவு தேய்ந்து சிறுத்துவிட்டது. செயற்கைப் பாறை இறக்கி அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நோயாளிப் படுக்கையில் போய்ப் பாய் விரித்து விருந்து உண்ணமுடியுமா? அவற்றை விட்டுவிடுங்கள். பொங்கலுக்கு மறுநாள் துறைமுகத்துப் பக்கம் முயல்தீவுக்குப் போய்க் கட்டுச்சோறு உண்டு வருவதோடு நம் உள்ளூர்த் தீவுப் பயணம் போதும்.

இனி வழிக்கு வருவோம். எப்போதும்வென்றானிலிருந்து நாற்கரச் சாலையில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தூத்துக்குடித் துறைமுகம். துறைமுகத்திலிருந்து ஓரிரவில் கொழும்பு. ஆனால் இன்று நம் இளைஞன் என்ன செய்கிறான்? கடலுக்கு முதுகைக் காட்டி, வடக்கே மதுரைக்குப் போய் விமானம் ஏறுகிறான். இல்லையேல் நாகப்பட்டினம்வரை போய்க் காங்கேசன்துறைக் கப்பலைப் பிடிக்கிறான். கிழக்கே கடல் இருக்க வடக்கே ஓடுகிற விந்தை!

இந்தக் கடல்வழிக்காக இதே மண்ணில் பிறந்த ஒருவர் தன்னையே கொடுத்தார். எப்போதும்வென்றானுக்குப் பக்கத்து ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரனார், 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசம் என்றது. ஏறுகிறவனுக்குக் குடையும் கொடுத்தது என்பார்கள்! 1908இல் அவருக்குக் கொடுந்தண்டனை. 1911இல் கம்பெனி கலைந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் போட் மெயில் தனுஷ்கோடி வழியாக ஓடியது. உடன்படிக்கை கையெழுத்தான அதே 1964இன் டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. இராமேசுவரம் – தலைமன்னார்க் கப்பலும் எண்பதுகளில் போர் மூண்டதும் நின்றது.

2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு “ஸ்கோஷியா பிரின்ஸ்” என்ற பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. ஊரே திரண்டு பார்த்தது. ஆண்டு முடியுமுன்னே நின்றுபோயிற்று! நாகப்பட்டினத்தில் 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலும் சில நாளில் நின்றது; ஆனால் 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பலைக் கொண்டு மறுபடி தொடங்கினார்கள். நாகையால் முடிந்தது தூத்துக்குடியால் ஏன் முடியாது? வாணிகர்கள் மூட்டையோடு போகமுடியும், மலையகத்து உறவைப் பார்க்கக் கிழவியும் போகமுடியும், விமானத்தைக் கண்டு அஞ்சுகிற பெரியப்பாவும் போகமுடியும். தனியார் இலாபத்துக்கு மட்டும் விட்டால் 2011 கதைதான் மறுபடி நடக்கும். முதல் சில ஆண்டு நட்டத்தை மத்திய அரசும் மாநில அரசும் பங்கிட்டுத் தாங்கவேண்டும். கீழ்த்தளத்துக் கட்டணம் ஒரு கூலித் தொழிலாளி கட்டக்கூடியதாக இருக்கவேண்டும். கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் சட்டமன்ற உறுப்பினர்களும் தூத்துக்குடி நாடாளுமன்ற உறுப்பினரும் எந்தக் கட்சியினராயினும், இதை ஒரு குரலில் கேட்கலாமே!

கப்பல் வரும்வரை, மதுரை வழியாகவோ நாகை வழியாகவோ போகிறவர்களுக்கு ஒரு செய்தி. உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில், அட்டலிலே, கண்டிக் கடிதங்கள் கிடக்கலாம். நாவலப்பிட்டி, அட்டன், பண்டாரவளை என்று அஞ்சல் முத்திரை இருக்கும். எடுத்துப் பாருங்கள். தோட்டங்களுக்கு வெள்ளையன் வைத்த பெயர் வேறு, நம் மக்கள் வைத்த பெயர் வேறு. கடிதத்தில் இருப்பது நம் மக்கள் வைத்த பெயராகத்தான் இருக்கும். அது கைப்பேசி வரைபடத்தில் தேடினால் அகப்படாது. அட்டன் கடைத்தெருவில் இறங்கி, வயதான ஒருவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எந்தப் பேருந்து, எந்தத் திருப்பம், எத்தனையாவது லயம் என்பதுவரை அவரே சொல்லிவிடுவார்.